வல்லினக் கோழி

பள்ளியின் பின்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு தறி.
கரண்ட் இருக்கும்வரை அவை நிற்பதில்லை.
இரண்டாம் வகுப்புக்கு நான் வாய்விட்டு வாசிக்கும்போது
மெல்லினம் முதல் வரிசையிலேயே மூழ்கிவிடும்.
இடையினம் ஜன்னல் வழியே போய்விடும்.
வல்லினம் மட்டும் எப்படியோ நீந்திக்
கடைசி வரிசை லிப்சா வரைக்கும் போய்ச் சேரும்.

ஆகையால் திருப்பூர்ப் புத்தகக் கண்காட்சியில்
நான் கண்ணால் புத்தகம் வாங்குவதில்லை.
கடையோரம் நின்று, முதலில் உதட்டை மட்டும் அசைத்து,
பிறகு கொஞ்சம் சத்தமாகவே.
"வாங்கீட்டுப் போயி ஊட்ல படிச்சுக்கலாமுங்க டீச்சர்"
என்றார் கடைக்காரர்.
வீட்டில் தறி இல்லையே என்றேன்.
அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்.
ஒரு நிலாப் புத்தகம். படம் ஆளை அள்ளியது.
ஆனால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே
பொங்கலூருக்கும் பல்லடத்துக்கும் உள்ள தூரம்.
மூச்சு பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.
இன்னொன்றில் முயல் நன்றாகத்தான் ஓடிற்று.
கடைசிப் பக்கத்தில் 'ஆகவே குழந்தைகளே' வந்து
அதன் காதைப் பிடித்துக்கொண்டது. வைத்துவிட்டேன்.
மூன்றாவதில் அம்மா பதினான்கு பக்கமும் அடுப்படியில்.
எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள்
ஆறரைக்கே கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள்.
அடுப்படியில் நிற்கும் அந்தப் பொம்பளை யாரென்று
என்னைக் கேட்பார்கள்.

அப்போதுதான் அந்தக் கோழி.
கடல் பார்க்கக் கிளம்பிய கட்டைக்கால் கோழி.
பக்கத்துக்குப் பக்கம் ககரம், டகரம்.
'கொக் கொக்கென்று குப்பை கிளறிக் கிழக்கே போச்சு.'
இது தறியைத் தாண்டும்.
வேறெதையும் நான் பார்க்கவில்லை.
நிஜமாகவே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, மதியச் சோற்றுக்குப் பின்.
முதல் பக்கம். கோழி கிளம்பிற்று. சிரித்தார்கள்.
இரண்டாம் பக்கம். பாலத்தடியில் ராத்தங்கிற்று.
நவநீதன் கை தூக்கினான்.
"அதுக்கு இப்ப எத்தன நாளுங்க டீச்சர்?"
எதுக்குடா?
"கோழிக்குங்க. குஞ்சு உட்டு எத்தன நாளாச்சு?"

அவன் அப்பாவுக்குப் பண்ணையில் வேலை.
ஆறாயிரம் கோழி, ஒன்றுக்கும் பேரில்லை,
எல்லாவற்றுக்கும் ஒரே வயசு.
லிப்சாவின் வீடே அந்தப் பண்ணைக்குள்தான்.
இருபத்தாறு பேரில் பதினோரு பேருக்கு
இந்தக் கணக்கு மனப்பாடம்.
எனக்கும் தெரியும்.
கடைக்காரர் முன்னால் நின்றபோது தெரியவில்லை.

புத்தகத்தில் போடவில்லை என்றேன்.
"படத்தப் பாத்தா முப்பத்தஞ்சு இருக்குமுங்க."
"இல்லீங்க, கொண்ட நெம்பச் செவந்துருச்சு, முப்பத்தேழு."
கொஞ்ச நேரம் ஓரியாட்டம்.
முப்பத்தேழு என்று முடிவாயிற்று.

கதையில் பக்கத்துக்கு ஒரு ராத்திரி.
முப்பத்தெட்டு. லிப்சா விரல் மடக்கினாள்.
முப்பத்தொன்பது. நரி வந்தது.
நரிக்கு யாரும் பயப்படவில்லை.
நாற்பது. மழை.
நாற்பத்தொன்று என்று யாரோ சொன்னபோது
தறிச்சத்தம் எனக்கே தெளிவாகக் கேட்டது.
நாற்பத்திரண்டு விடியுமுன்னே லாரி வரும்.
அது புத்தகத்தில் இல்லை.
வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மீதியை நாளைக்கு என்று மூடியிருக்கலாம்.
'நாளைக்கு' அந்நேரம் நல்ல சொல்லாகப் படவில்லை.

புரட்டினேன்.
இரண்டு பக்கம் நிறையக் கடல்.
ஓரத்தில் நகமளவு கோழி, முதுகு காட்டி.
கீழே ஒரே வரி:
அலை, நுரை, மணல், மாலை.
வல்லினம் ஒன்றுகூட இல்லை.
கடையில் இந்தப் பக்கத்தை நான் வாசித்துப் பார்க்கவில்லை.
சொன்னேன். எதுவரைக்கும் கேட்டதோ.
லிப்சாவின் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

நவநீதன் எழுந்து முன்னால் வந்தான்.
படத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை
விரலால் தடவித் தேடினான்.
"இதுல ரோடே இல்லீங்க டீச்சர்"
என்று சொல்லிவிட்டுத்
தண்ணி குடிக்கப் போனான்.